ஓட்டை இல்லாத வாளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், அவளுடைய புழுவும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் போன் வந்தால் அது அவள் கையில்தான் இருக்கும், எனக்கு வந்து சேர்வது “சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, சரி அம்மாகிட்ட குடுங்க” என்பது மட்டும்தான். அதனால்தான் கடிதம். இதை நடுவில் யாரும் பிடுங்க முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் பூச்சி, புழு, நத்தை எல்லாவற்றையும் கிட்ட வைத்துப் பார்க்க, வீட்டில் தூக்கிப் போடுகிற சாமான்களிலேயே கூடு மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், முதலில் அங்கே செய்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாயே, யாரிடம் கேட்டாய்? தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காத உன் அம்மாவிடம். டப்பா, குழாய், ஒட்டுப்பசை என்று காலமெல்லாம் பிளம்பர் வேலை பார்த்த நான் அவள் போன் பேசிய அதே சோபாவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. அவள் அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? ஜாம் பாட்டிலைக் கழுவி, கிழிந்த கொசுவலையை வட்டமாக வெட்டி, மிச்சம் கிடந்த எலாஸ்டிக்கால் வாயைக் கட்டினாள். ஐஸ்கிரீம் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே மெல்லிய பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினாள். தண்ணீர் தள்ளத் தள்ளத் தாள் உள்பக்கம் வளைந்து, நெளிகிற கொசுப்புழுவெல்லாம் பெரிதாகத் தெரிந்தது. தெரிந்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், அவள் கடைக்குப் போன சமயம் எட்டிப் பார்த்தேன். பிளம்பர் வீட்டுத் தொட்டியிலேயே கொசுப்புழுவா என்று மேல்வீட்டு நர்ஸ் சிரித்தது தனிக்கதை.

அந்த ஜாம் பாட்டிலில் எலுமிச்சைச் செடியிலிருந்து பிடித்த ஒரு பச்சைப் புழு இருக்கிறது. அதற்கு உன் அம்மா வைத்த பெயர் ராசா. எழுந்ததும் “ராசா சாப்பிட்டானா” என்று பாட்டிலைத்தான் பார்க்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாள் ராசா என்று கூப்பிட்டிருப்பாளா, நீயே சொல். நீயும் அங்கிருந்து “ராசாவைக் காட்டும்மா” என்கிறாய், அவள் போனை என் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறாள், உனக்கு என் வழுக்கை மட்டும் தெரிந்திருக்கும்.

சரி, நாம் யார் என்று காட்டிவிடுவோம் என்று நானும் களத்தில் இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெயிண்ட் வாளியைத் தேய்த்துக் கழுவி, அதில் மண், ஈர இலை, குளியலறைச் சுவரில் ஊர்ந்த நத்தைகள் எல்லாம் போட்டேன். வாய்க்கு, பழைய வாஷிங் மெஷின் கதவின் உருண்டைக் கண்ணாடி. சுற்றிலும் அந்த மெஷினின் ரப்பரையே வைத்து, அதற்கு மேல் சிலிக்கான் பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வேலை என்றால் அது வேலை. மறுநாள் காலையில் நர்ஸைக் கையோடு கூட்டி வந்து காட்டினால் கண்ணாடி முழுக்க வியர்த்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. பிரித்தால் நாற்றம் குப்பென்று அடிக்கிறது, நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. “ஏங்க, உசுருள்ளது மூச்சு விட வேணாமா? தண்ணித் தொட்டியா செஞ்சு வச்சிருக்கீங்க?” என்றாள் உன் அம்மா, அதுவும் நர்ஸ் எதிரில். நான் என்ன செய்வேன், ஓட்டையை அடைப்பதுதான் என் பிழைப்பு, ஒரு சாமானில் வேண்டுமென்றே ஓட்டை விட வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நத்தைகளைச் செடிக்கு அடியில் விட்டேன், கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி நகர்ந்துவிட்டன, அந்த மட்டும் பாவம் சேரவில்லை. சாயங்காலம் அவள் இதை உனக்குச் சொல்ல, நீ சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. என்னை வைத்துச் சிரித்ததில் வருத்தம் இல்லை மகளே. அவளோடு சேர்ந்து சிரித்தாயே, அதுதான்.

பிறகு வாளியைச் சுற்றி டிரில்லால் ஓட்டை போட்டேன், கை கூசியது. உன் பிள்ளைகளுக்கு நீயே ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டுக் கொடு, கத்தரிக்கோலை அவர்கள் கையில் விடாதே. வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டு. வெயிலில் வைக்காதே, பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல். இதெல்லாம் அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

இப்போது வாளிக்குப் புது ஆள் குடிவந்திருக்கிறது. தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் பிடித்தேன். மேலே துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், என்ன நிறம், என்ன தின்கிறது என்று உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். உனக்கும் போட்டோ கிடையாது. தெரிய வேண்டுமென்றால் என் நம்பருக்குக் கூப்பிடு, குழாய் ஒழுகுகிறவர்களைத் தவிர அதில் யாரும் கூப்பிடுவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டையைக் கவனித்துக்கொள், வகுப்பில் கத்தாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். என் நம்பர், மறக்காதே.

இப்படிக்கு,
சோபாவின் மறுமுனையில் இருக்கும் உன் அப்பா

பி.கு. உறையை ஒட்டப்போனவன் மறுபடி பிரித்தேன். உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. துண்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை, வெறும் வாளிதான். இருந்தாலும் கூப்பிடு.