கடை போர்டு

ஷீலா அப்பாவுக்கு,

அரசு விடுதியில சேந்தா மகளுக்கு மூணு வேளையும் சாப்பாடு இலவசம். அதுக்கு வருமானச் சான்று கேட்டேன். வி.ஏ.ஓ. நம்ம வாசலுக்கே வந்து, நிமிந்து போர்டைப் பாத்துட்டு, "மளிகைக்கடை முதலாளி மகளுக்கு இலவசச் சோறா?"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாக.

கடையை மூடி வருசம் ரெண்டாச்சுன்னா நம்ப மாட்டேங்காக. எப்படி நம்புவாக? கிறிஸ்மசுக்கு வந்த மனுசன் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடாம, அந்தப் போர்டுக்குல்ல புதுப் பெயிண்ட் அடிச்சிட்டுப் போனீக.

அடிமாலியில நீங்க அடுத்தவன் கடையில மூடை தூக்குறதை நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

ஆனா காலையில ஏணி போட்டு, நானே போர்டைக் கழட்டிட்டேன். கோழிக்கூட்டுக்குக் கதவா வச்சிருக்கேன். உங்க பேரு உள்பக்கம்தான் இருக்கு. கோழிக மட்டும் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
முதலாளியம்மா