நின்ற கல்யாணத்தின் பந்தி

செவ்வாய், 8 ஜூலை

மழை. துணி எதுவும் காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

மேல்மாடி அனிகேத் லிஃப்டில் பிடித்துக்கொண்டான். வெப் சீரிஸ் டைரக்டர். போன வருடம் மொட்டைமாடி பார்ட்டியில் என் கல்யாணம் நின்ற கதையை இவனிடம் உளறித் தொலைத்தேன். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை, அவ்வளவுதான் சொன்னேன். அதை முதல் எபிசோடாக எழுதிவிட்டானாம். காமெடியாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது நான் செட்டுக்கு வந்து, தமிழ்க் கல்யாணம் "ஏக்தம் ரியல்" ஆக, நூற்றுக்கு நூறு நிஜமாக இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டுமாம்.

சிரித்துக்கொண்டே சரி என்றேன். வந்து உன் மானத்தை வாங்குகிறேன், இரு.

வியாழன், 10

ஆபீசுக்கு லீவு. சாங்வியில் ஒரு ஹால், அதுதான் செட். பந்தியில் வாழையிலை எல்லாம் நுனி வலப்பக்கம். நல்ல காரியத்துக்கு எவனாவது இப்படிப் போடுவானா! தமிழ்நாடே காறித் துப்பும். சரியா என்று அனிகேத் கேட்டான்.

"பர்ஃபெக்ட்."

கூட்டத்துக்கு, இந்த மராட்டி ஊரில் சாங்வி, கோர்படி பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களையே அழைத்து வந்திருந்தார்கள். கேமரா ஓடியது. உட்கார்ந்த ஒவ்வொருவரும், பேச்சை நிறுத்தாமல், இலையைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். வரிசை முழுக்க. யாரும் யோசிக்கக்கூட இல்லை. அனிகேத் துள்ளிக் குதித்து அதையே க்ளோஸப் எடுத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளி, 11

மாப்பிள்ளை வரவில்லை என்று தெரிகிற காட்சி. ஸ்கிரிப்டில் விருந்தினர் எல்லோரும் தலையைக் குனிந்து, சாப்பிடாமல் கிளம்புகிறார்கள். இப்படித்தானே நடந்தது என்றான் அனிகேத்.

இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் சாப்பிட்டார்கள். நான் மணப்பெண் அறையில் பட்டுப்புடவையோடு தரையில் கிடந்தேன், வெளியே பந்தி நடந்தது. சித்தப்பா குரல் இன்னும் காதில் இருக்கிறது. "ஆனது ஆயிப்போச்சுங்க. பாயசம் ஆறுறதுக்குள்ள எலையப் போடச் சொல்லுங்க." எனக்கு ராசி இல்லை என்று அப்புறம் ஊரெல்லாம் சொன்னதும் அதே வாய்தான்.

சட்டென்று உறைத்தது. அனிகேத் எல்லாம் ஒரு ஆளா? நான் பழி வாங்க வேண்டியது அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்ட அந்தக் கூட்டத்தை. அத்தனை பேரும் போனில் சீரிஸ் பார்க்கிறவர்கள்.

அனிகேத்திடம் ஒன்று விடாமல் கொட்டினேன். சித்தப்பாவின் புலிநகச் செயின். சாப்பிட உட்காரும்போது வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவது. மீந்த லட்டை அத்தை பையில் அள்ளியது.

அனிகேத் நம்பவில்லை. "இது ரியலா இல்லையே. ஆடியன்ஸ் ஒத்துக்க மாட்டாங்க." நான் அறைக்குள்தானே இருந்தேன், கண்ணால் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்றான். உண்டு.

சனி, 12

மழை விட்டது. பால் திரிந்துவிட்டது.

கோவைக்கு, அம்மாவுக்கு போன். அன்றைக்கு முதல் பந்தியில் யார் யார்?

"அதெல்லாம் இப்ப எதுக்கு கண்ணு?"

"வேணும். சொல்லும்மா."

சித்தப்பா, அத்தை, பெரியப்பா மகன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"இன்னும் யாரு?"

"உங்கப்பாவுந்தே. பசி தாங்க மாட்டாரல்ல. நாந்தே நெய் ஊத்துனேன்."

போனை வைத்துவிட்டேன். இத்தனை வருடமும் அப்பா என் கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றார் என்று நினைத்திருந்தேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டது.

மாலையில் அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

ஞாயிறு, 13

தலைவலி. தூக்கம் இல்லை. காபி மட்டும்.

அம்மாவே சொன்னாள் என்றதும் அனிகேத் ஒத்துக்கொண்டான். சித்தப்பாவாக நடிப்பவர் ரயில்வே காலனிக்காரர். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். அச்சு அசல். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பெண்ணின் அப்பாவாக நடிப்பவர் தான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார். ஸ்கிரிப்டில் மகளின் அறைக் கதவோரம், கண்ணீரோடு. நல்ல மனிதர், அழுவதற்குத் தயாராகக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அனிகேத் என்னைப் பார்த்தான்.

"உக்காரச் சொல்லு," என்றேன். "சித்தப்பாவுக்குப் பக்கத்து எலை. நெய் ஊத்துறது அம்மா."