புளி போட்டு மினுக்கிய கைத்துவக்கு

அண்ணை,

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு மினுக்கப் பழப்புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு குசினியில் நிற்கிறேன். புளி உலோகத்தில் பட்டதும் ஒரு மணம் எழும்புமே, அந்த மணம் வந்தால் என் வீட்டு விளக்கு எனக்கு நினைவில் நிற்பதில்லை. உங்கள் மூன்றாம் மாடிதான் வருகிறது. லூயி-பிளாங் தெருவைப் பார்த்த யன்னல், அதன் கீழே கண்ணாடி அலுமாரி, உள்ளே சிவப்புத் துணியில் படுத்திருக்கும் பதினொரு கைத்துவக்குகள், உங்கள் பேச்சில் கைத்துப்பாக்கிகள்.

2009இல்தான் உங்களிடம் வீடு துப்புரவாக்கும் மெனாஜ் வேலைக்கு வந்தேன். நான் குடியிருக்கும் வில்லியே லே பெல்லிலிருந்து ரயிலேறி வந்து, கதவு திறந்ததும் அந்த அலுமாரியைக் கண்டு அப்படியே திரும்பிப் போகப் பார்த்தேன். அந்த வருடம் லா சப்பலில் எந்தத் தமிழ்க் கடைக்குள் போனாலும் ஊர்ப் போர்ச் செய்திதான், எந்த முகத்தைப் பார்த்தாலும் அழுத முகம்தான். நீங்களோ துவக்கைத் துணியில் படுக்க வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பயப்படாதம்மா. எல்லாம் நூறு வருஷத்துக் கெழடுங்க. குழல்ல இரும்பு அடைச்சிருக்கு, சுடாது. பப்பியே, லைசென்ஸ் எல்லாம் சரியா இருக்கு" என்றீர்கள். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இளைப்பாறிய மனிதர். மனைவி போய் வருடங்கள் ஆகியும் சட்டைக்கு இஸ்திரி போடாமல் கீழே இறங்காதவர்.

"சுடாட்டியும் துவக்குத் துவக்குத்தான். கண்ணாடியை வெளியாலை துடைப்பன். உள்ளுக்குக் கை வைக்க மாட்டன்" என்றேன். என் தம்பியை ஒழுங்கையில் மறித்துச் சுட்டவன் இடுப்பிலிருந்து எடுத்ததும் கைத்துவக்குத்தான் என்பதையும் சொன்னேன். உள்ளே போய் ஒரு கட்டில் விரிப்பை எடுத்துவந்து அலுமாரியை மூடினீர்கள். அதற்குப் பிறகு நான் வருகிற செவ்வாயும் வெள்ளியும் அந்த விரிப்பு அங்கே தொங்கும். அந்த விரிப்புக்காகத்தான் நான் அந்த வேலையில் நின்றேன்.

இரண்டு வருடம் கழிந்து ஒருநாள் விரிப்பைத் தோய்க்க வேண்டும் என்று நானே கழற்றினேன். பிறகு திரும்பப் போடவில்லை. நீங்கள் அதைக் கவனித்தும் கவனியாதவர் போலக் கோப்பி குடித்தீர்கள்.

ஞாயிறு காலைகளில் பழஞ்சாமான் சந்தைக்குப் போய் வருவீர்கள். வாங்கியதை விட வாங்காமல் விட்ட கதைதான் கூட. ஒன்றை வாங்கினால் ஒரு சின்ன அட்டை வெட்டி, நூல் கட்டி, எந்த நாட்டில் செய்தது, யார் கையிலிருந்து வந்தது, எங்கே கீறல், எந்தத் திருகாணி மாற்றியது என்று எழுதித் தொங்கவிடுவீர்கள். "குறையை எழுதாத அட்டை பொய் அட்டை, தங்கச்சி" என்பீர்கள். நூல் கட்டுவது மட்டும் உங்களுக்கு வராது. விரல் நடுங்கும். துவக்கை நீங்கள் பிடிக்க, அதில் கை படாமல் அட்டைகளுக்கு முடிச்சுப் போட்டதெல்லாம் நான்தான்.

ஒருநாள் துவக்கின் உள் இயந்திரத்தைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். "முன்னல்லாம் ஒவ்வொரு வாட்டியும் கையால இழுக்கணும். இது அப்படியில்ல. ஒண்ணு வெடிச்ச வேகத்துலயே அடுத்த குண்டை அதுவே உள்ள தள்ளிக்கும். வுவாலா!"

"அப்ப மனிசன் ரெண்டாந்தரம் யோசிக்கிறதுக்கு இருந்த நேரத்தையும் பறிச்சுப்போட்டாங்கள்" என்றேன்.

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தீர்கள். "முப்பது வருஷமா சேர்க்கிறேன். ஒருத்தனும் இதைச் சொன்னதில்ல."

பதினொன்றில் உங்கள் உயிர், உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தப் பெல்ஜியத்துச் சின்னது. அதைக் காட்டும்போது உங்கள் குரலே தணிந்துவிடும்.

நான்காம் வருடம் நெஞ்சில் சளி கட்டி ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். வெள்ளிக்கிழமை வருகிறார் என்று உங்கள் மகள் சொன்னாள். வீட்டைக் கழுவினேன். திரைச்சீலை மாற்றினேன். மிளகு ரசம் வைத்தேன். மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகு அலுமாரியைத் திறந்தேன். சின்னது கறுத்துப்போய், விளிம்பெல்லாம் மங்கிக் கிடந்தது. மனிதர் வந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பார், பளபளவென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல்தரம் ஒரு துவக்கைக் கையில் எடுத்தேன், அண்ணை. புளியும் உப்பும் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, கழுவித் துடைத்து வைத்தேன். வெள்ளிபோல மின்னியது.

நான் ஒருநாளும் தொடமாட்டேன் என்று தெரிந்ததால், தொடாதே என்று நீங்கள் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. அந்தக் கறுப்பும் நீலமும்தான் அதன் மதிப்பு என்று எனக்கு யார் சொன்னது?

வந்து பார்த்தீர்கள். கதிரையில் இருந்துவிட்டீர்கள். "நூறு வருஷம் நின்ன நிறம். பத்து நிமிஷத்துல உரிச்சுட்டியே!" அதோடு விட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் விடவில்லை. "துப்பாக்கியோடவே பொறந்து வளர்ந்தவங்கதானே நீங்கல்லாம். இதுகூடவா தெரியாது?"

என் தம்பியின் கதை தெரிந்த வாயால் சொன்னீர்கள்.

நீங்கள் தந்திருந்த கதவுத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். ரசத்தைச் சுடவைத்துக் குடியுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரேயொரு தரம் பெர்தொனே தெருவில் கண்டேன். கையில் முருங்கைக்காய்ப் பை, முகம் வற்றியிருந்தது. "தங்கச்சி" என்று கூப்பிட்டீர்கள். நான் நகைக்கடைக் கண்ணாடிக்குள் தாலிக்கொடி பார்க்கிறவள் போல நின்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டீர்கள். அசையவில்லை. பிறகு கண்ணாடியில் உங்கள் முதுகு போனது.

அந்த மாரிக் குளிரைத் தாண்டவில்லை நீங்கள். காரியம் முடிந்து உங்கள் மகள் என் வீடு தேடி வந்தாள், ஒரு சின்னப் பெட்டியோடு. "அத்தை, சே பூர் வூ. உங்களுக்குத்தான். மத்ததெல்லாம் அப்பாவே வித்துட்டாரு. இதை மட்டும் குடுக்கல. நிறைய பேர் கேட்டாங்க."

திறந்தேன். அதே சின்னது, அதே மினுக்கம். எண்ணெய் போட்டுத் துருவேறாமல் வைத்திருந்தீர்கள். கழுத்தில் புது அட்டை, முடிச்சு அரைகுறையாக இருந்தது. எப்போதும் பிரெஞ்சில் எழுதுகிறவர், நான் வாசிக்க வேண்டும் என்று பெரிய பெரிய தமிழ் எழுத்தில் எழுதியிருந்தீர்கள்: "நிறம் இல்லை. தங்கச்சி புளி போட்டு மினுக்கினது. விற்பதற்கு அல்ல."

மினுக்கினது என்பது உங்கள் ஊர்ச் சொல்லே இல்லை. என்னுடையது.

"துவக்கை நீயே வைச்சிரு பிள்ளை. அட்டையை மட்டும் தா" என்றேன். முடிச்சு ஒரு இழுவையிலேயே அவிழ்ந்தது.

அந்த அட்டை இப்போதும் என் கைப்பையில், ரயில் அட்டையோடு இருக்கிறது. அதில் என் குறையை எழுதினீர்கள், உங்களுடையதை எழுதவில்லை. அன்று கதிரையிலிருந்து சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் உங்களோடு கோபம்தான், அண்ணை. அதை எங்கேயும் எழுதி வைக்கத் தேவையில்லை, எனக்கு மறக்காது. ஆனால் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்:

"பெர்தொனே தெருவில் இரண்டு தரம் கூப்பிட்டவர். நான் திரும்பவில்லை."