இருபத்தெட்டுப் பக்கப் பத்திரம்

மே 6

காலையில் கருப்பண்ணன் மாமா வந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை வைத்துவிட்டுப் போனார். இருபத்தெட்டுப் பக்கம். இருபதாம் தேதி பதிவாம்.

"கையெழுத்து போட்டாப் போதும் பாஞ்சாலி. படிக்கிறேன்னு கண்ணக் கெடுத்துக்காத."

என் கண்மேல் அவருக்கு என்ன திடீர் அக்கறை? அவர் தம்பி, என் வீட்டுக்காரர், போய் மூன்று வருஷம். ஒரு நாள் வந்து எப்படியிருக்கிறாய் என்று கேட்டதுண்டா? படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை.

மே 7

பள்ளிக்கூடம் லீவு, சத்துணவுச் சமையல் இல்லை. மத்தியானம் கட்டிலில் சாய்ந்தபடி படித்தேன். மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். எழுந்தால் கழுத்து திரும்பவில்லை. ஒரே வாக்கியம் முக்கால் பக்கம் ஓடுகிறது. யாரும் படித்து முடிக்கக்கூடாதென்றே இப்படி எழுதுகிறார்களோ?

மே 9

தரையில் உட்கார்ந்து குனிந்து படித்தேன். நாலு பக்கம். இடுப்பு விட்டுப்போனது. கண் வரியில் இருக்கிறது, மனசு வரப்பில் நிற்கிறது. படித்த பக்கத்தையே மறுபடி படித்திருக்கிறேன், அதுகூடத் தெரியாமல்.

மே 10

காலேஜ் லீவுக்கு வந்திருக்கும் காவியா நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, தையல் மிஷின் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். முதுகுக்குத் தலையணை. காகிதத்தைச் சாய்த்து வைக்க ஒரு பலகை. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இருபது நிமிஷம் படிம்மா. அப்பறம் எந்திரிச்சிப் போயி தூரமா எதையாச்சும் பாரு."

சாயங்காலம் வாசலில் நின்று யாருடனோ மெதுவாகப் பேசினாள்.

"யாருடி?"

"பெரியப்பாம்மா. நீ படிச்சிட்டியான்னு கேட்டாரு."

இவகிட்ட ஏன் கேக்கணும்? இவளும் அவங்க பக்கமா? சே, பெத்த பொண்ணையே...

மே 12

ஏழு பக்கம்! வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அது என்ன சொல்கிறதென்று எனக்கே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. "1-வது நபர்" என்றால் மாமா, "2-வது நபர்" என்றால் நான். பெயரையே போட்டால் என்னவாம்?

கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வெளியே வந்தேன். மாமா வரப்பில் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 14

இருபத்திரண்டு பக்கம் முடிந்தது. ஏமாற்று ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 15

அகப்பட்டது. இருபத்துமூன்றாம் பக்கம்.

கிணறு, மோட்டார், கரண்ட் சர்வீஸ் எல்லாம் ஆளுக்குப் பாதி என்றுதான் பேச்சு. பத்திரத்தில் முழுவதும் 2-வது நபருக்கு என்று இருக்கிறது. நாலு தடவை படித்தேன். காவியாவையும் படிக்கச் சொன்னேன். 2-வது நபர் நான்தான்.

எனக்கு எதுக்குக் குடுக்கறாரு? கிணத்துல ஏதாச்சும் வில்லங்கமா?

"டைப் அடிச்சவங்க தப்பும்மா. பெரியப்பா படிச்சிருக்க மாட்டாரு" என்றாள்.

படிக்கவில்லை. அந்த மனுஷன் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மே 16

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 17

போன சித்திரையில் என் முறைத்தண்ணி நாளில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனவர் அவர். அரை ஏக்கர் தக்காளி கண்ணெதிரில் கருகியது. அனுபவிக்கட்டுமே.

ஆனால் அந்தக் கிணறு இல்லையென்றால் அவர் காட்டுக்கு மழையை விட்டால் வேறு வழியில்லை. படித்து முடித்த பிறகும் போய் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 18

போய்ச் சொல்லிவிட்டேன். மாமா பக்கத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நீயா வந்து எதுக்குச் சொல்ற?"

"தப்பா இருக்குது மாமா, அதான்."

"வேற எங்கயாச்சும் எதையாச்சும் மாத்தி வெச்சிருக்கியா?"

பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். எனக்கு ஏன் இந்த வேலை?

மே 19

எட்டு மணிக்கெல்லாம் மாமா மூக்குக் கண்ணாடியோடு வந்து நின்றார். பதிவைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாராம்.

"அங்க வூட்ல பேரப்புள்ளைங்க ஒரே சத்தம். இங்க உக்காந்து படிச்சிக்கறன்."

நான் காட்டிய பக்கத்தை எடுக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தார். வரிக்குக் கீழே விரல், உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாலாம் பக்கத்தில் கொட்டாவி. தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு டீ வைத்தேன். ஆறிப்போகும்வரை தொடவில்லை. பிறகு தலையைத் தூக்கினார்.

"பாஞ்சாலி, இதுல 1-வது நபர்ங்கறது யாரு?"

"நீங்கதான் மாமா."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனார்.