தலைவரின் காதுக்குப் போகும் கம்பி

பிப்ரவரி 3

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளியில் படித்தபோது நுணல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இன்று தெரிந்தது. நான்தான்.

அரசியல் நிர்ணய சபையில் வழுக்கைத்தலை வக்கீல் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். நான் மூலையில் என் ஒலிப்பெட்டிக்கு முன்னால். பக்கத்தில் இருந்த மைக் திறந்திருப்பதைக் கவனிக்காமல், “இவரு முடிக்கறதுக்குள்ள துரைமாரே தானா கப்பலேறிடுவாங்க” என்று முணுமுணுத்தேன். மண்டபத்தின் எட்டுத் திக்கிலும் என் முணுமுணுப்பு. உறுப்பினர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். யாரோ மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு துரைமாரின் சட்ட ஆலோசகரும் சிரித்தார். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் என்னிடம் வந்தார். குரலில் கோபமே இல்லை. “நல்லாப் பேசறீங்களே. எந்த ஊரு?” இதே ஊர்தான் என்றேன். “பொறந்ததும் இங்கதானா?”

எனக்கு இருமல் வந்துவிட்டது. சமயத்தில் கைகொடுக்கும் சொத்து எனக்கு அது ஒன்றுதான்.

பிப்ரவரி 4

மனைவியிடம் சொன்னேன். கப்பல் வரைக்கும் சிரித்தாள். பிறந்த ஊர் வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வேலை தேடி வந்தாள். நானாக ஒரு அடிகூட நடந்து வரவில்லை. அன்றைக்கு இரண்டு கரைக்கும் ஒரே துரைதான், ஒரே காசுதான். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று மகளிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12

புதிய சட்டத்தின் குடியுரிமைப் பகுதியை இன்று சபையில் படித்தார்கள்.

இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். தந்தையும் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மனைவிக்குக் கவலையில்லை, அவள் ஏழு தலைமுறையும் இங்கேதான். மகள் இங்கே பிறந்தவள், ஆனால் அவள் அப்பன் நான். வரும் ஜூனில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேரவேண்டியவள். விடுதலைக்குப் பிறகு அரசு வேலை குடிமக்களுக்கு மட்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. ஊசி போடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று தலையணையைக் குத்திப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

நான்? நான் எப்படியும் வெளியேதான். என்னைப் பற்றிய பேச்சே இல்லை.

டீச்சரம்மா எழுந்து, இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று உறுப்பினரானவர். ஆலோசகர் மறைக்காமல் சொன்னார்: தாங்கள் முன்பு விடுதலை கொடுத்த வேறொரு நாட்டின் சட்டத்தை மாதிரியாக வைத்து எழுதினார்களாம், அதில் இப்படித்தான் இருந்ததாம். “அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தைச்ச சட்டையா?” என்றார் டீச்சரம்மா. ‘தந்தையோ தாயோ’ என்று மாற்றத் தீர்மானம் கொண்டுவருகிறாராம்.

வக்கீல் எதிர்த்தார். கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சுதந்திரம் எதற்கு என்றார். நிறைய மேசைகள் தட்டப்பட்டன. அத்தனை சத்தமும் என் பெட்டி வழியாகத்தான் போனது.

பிப்ரவரி 15

சந்தைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கிறார்கள்: வந்தவர்கள் வந்த வழியே போகலாம். நல்ல கையெழுத்து. படித்தவன் யாரோ.

பிப்ரவரி 16

வக்கீல் இன்று என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை.

பிப்ரவரி 19

வீட்டுக்காரர் வந்து, பேச்சுவாக்கில், “உங்க அப்பா அம்மா எல்லாம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எட்டு வருடமாக இருக்கிறோம், கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதர். மகள் முந்திக்கொண்டு, “நாங்க இந்த ஊரு மண்ணு சார், ஒரு பிடி வேணுமா?” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிப்ரவரி 23

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. குரல் வாக்கெடுப்புதான். ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க.’ எது உரத்துக் கேட்கிறதோ அது வென்றதாகச் சபைத் தலைவர் அறிவிப்பார்.

தலைவருக்குக் காது மந்தம். அதற்காகவே அவர் நாற்காலி ஓரத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்திருக்கிறோம். மண்டபத்துச் சத்தமெல்லாம் மைக்குகளில் விழுந்து, என் பெட்டிக்கு வந்து, ஒரு கம்பி வழியாக அவர் காதுக்குப் போகிறது. சத்தத்தைக் கூட்டக் குறைக்க இடது வரிசைக்கு ஒரு திருகு. வலது வரிசைக்கு ஒரு திருகு. டீச்சரம்மாவின் ஆட்கள் இடது.

கொஞ்சம். சுண்டு விரலால். யாருக்குத் தெரியப்போகிறது?

பிப்ரவரி 24

மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரே மூச்சில், “அதுல கை வெக்காதீங்க. மாட்டினா உங்களோட போகாது. நாளைக்கு அந்த வரியையே களவு வரின்னு சொல்லுவாங்க. நம்ம பொண்ணு களவு வரி மேலயா நிக்கணும்?” என்றாள்.

சரி என்றேன். சரி என்று என் வாய் சொன்னது. கையைக் கேட்டால் தெரியும்.

பிப்ரவரி 27, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

மேல்மாடம் நிரம்பியிருந்தது. உறுப்பினர்களின் வீட்டார்தான் பாதிப்பேர். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். “ஏற்போர் ஆம் என்க.” நான் கையை மடியில் வைத்திருந்தேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் விரல் இடது திருகின் மேல் இருக்கிறது. எப்போது போனது? தெரியவில்லை. அது திரும்பப் போகிறது என்று மட்டும் தெரிந்தது. இன்னொரு கையால் பெட்டியின் விசையைத் தட்டி அணைத்துவிட்டேன்.

அவ்வளவுதான். தைரியம் ஒன்றும் இல்லை. தன் கையைப் பார்த்துத் தானே பயந்தவன் செய்த வேலை.

ஆம் என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். என் சொந்தக் காதில் ‘இல்லை’தான் பெரிதாக விழுந்தது. ஒருவர் மேசையைத் தட்டித் தட்டி ‘இல்லை’ என்று கத்தினார். தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமே கேக்கல. எழுந்து நில்லுங்க, எண்ணிடலாம்” என்றார்.

முதலில் ‘ஆம்’ என்பவர்கள். டீச்சரம்மா நின்றார். அவர் வரிசை நின்றது. நடுவில் ஒருவர் மெதுவாக நின்றார், அவரைப் பார்த்து இன்னும் சிலர். கூட்டத்தோடு கத்துவது சுலபமாக இருந்திருக்கும். உட்கார்ந்தே இருப்பது அத்தனை சுலபமாக இல்லை போலிருக்கிறது. மேசையைத் தட்டிக் கத்தினாரே அவர், மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே அவருடைய அம்மா. இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் வேட்டியைச் சரிசெய்வதுபோல எழுந்தார், பிறகு உட்காரவே இல்லை.

வக்கீல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எண்ணினார்கள். ‘தந்தையோ தாயோ’ நிறைவேறியது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்ப்பார்களே என்ற ஒரே நினைப்பு.

பிப்ரவரி 28

சபையின் ஒலி இன்ஜினியர் வந்து பெட்டியைப் பிரித்தார். வால்வு, கம்பி, திருகு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதிலும் கோளாறு இல்லை. வக்கீல் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் போகும் வரை இன்ஜினியர் வாயைத் திறக்கவில்லை.

“உண்மையச் சொல்லுய்யா, என்ன பண்ணின?”

“பயந்துட்டேன் சார். அணைச்சுட்டேன்.”

“எதுக்குப் பயம்?”

என் கைக்கு என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு திருகாணிகளைத் திரும்ப முடுக்கினார். “தூசி அடைச்சிருந்துதுன்னு சொல்லிடறேன். பெட்டிய ஒழுங்காத் தொடைக்கத் தெரியாதவன்னு உனக்குத் திட்டு விழும், வாங்கிக்க.”

வாங்கிக்கொண்டேன். சபைச் செயலாளர் எல்லோர் முன்னாலும் திட்டினார். என் வாழ்க்கையில் இவ்வளவு ருசியான திட்டு வாங்கியதில்லை. ஆனாலும் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.

மார்ச் 20

விடுதலைக்குப் பிறகு சபை ஊழியர்களும் குடிமக்களாக இருக்க வேண்டுமாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் விண்ணப்பிக்கலாம், பரிசீலிப்பார்களாம். எத்தனை நாளில் என்று கேட்டதற்குக் குமாஸ்தா தோளைக் குலுக்கினார். அவருக்கும் தெரியாது, பாவம்.

மனைவிக்கு மட்டும் சொன்னேன்.

மே 30

அச்சான சட்டப் புத்தகத்தை மகள் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தாள். நாளை மறுநாள் பயிற்சி விடுதிக்குப் போகிறாள், பெட்டி கட்டியாயிற்று. சாப்பிடும்போது குடியுரிமைப் பக்கத்தைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தாள். படித்து முடித்து, “பாத்தீங்களாப்பா, இனிமே நாம மூணு பேரும் சட்டப்படியே இந்த நாட்டுக்காரங்க. வீட்டுக்காரர் வந்தா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க” என்றாள்.

மனைவி தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

“சரிம்மா, சாதம் ஆறுது பார்” என்றேன்.

மூணு பேர் இல்லைம்மா, ரெண்டு பேர். அதை நான் சொல்லவில்லை.