பச்சையாக நிற்கும் நாற்றுகள்

கடல் நடுவே இருக்கும் உங்களுக்கு,

நீங்கள் சொல்லிவைத்திருந்த இருநூறு பைன் நாற்றுகள் சென்ற மாதம் வந்தன. நாற்றுப் பண்ணை மோராக்தான் கொண்டுவந்தாள். துளி மண் இல்லாத வெறும் வேர்கள். "இன்னைக்கே நட முடியலைன்னா பள்ளம் தோண்டி வேரை மூடிடுடி. காத்துல போட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே இஷ்பெலின் சின்ன மண்வெட்டி சாய்ந்திருந்தது, மகள் உயரத்துக்கு நீங்கள் கைப்பிடி அறுத்துக் கொடுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மலைக்காற்றில் வேரெல்லாம் நாராகக் காய்ந்திருந்தது.

ஆனாலும் மறுநாள் அத்தனையையும் ஹெதர் புதர் மண்டிய மேட்டில் நட்டேன். பச்சைப்பசேலென்று நின்றன. போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பாராட்டினார்கள்.

நேற்று மோராக் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது நட்ட அன்னைக்கே செத்துதான்டி இருந்திருக்கு. பைனு அப்படித்தான், ஒரு மாசம் பச்சையா நின்னு ஏமாத்தும்" என்றாள்.

இஷ்பெலை அடக்கம் செய்த மறுநாளே நீங்கள் எண்ணெய்த் தளத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லி வருகிறேன். தேவாலயத்தில் என்னைப் பார்க்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

வேறு நாற்றுகள் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வரும். ஒருவர் குழி தோண்டும்போது இன்னொருவர் வேரை மூடிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
பார்க்க நன்றாக இருப்பவள்