ஜெனி முட்டிக்கு வாழை இலை

மே 6, செவ்வாய். வெயில்.
மூக்கண்டப்பள்ளி மக்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னியில் உப்பு இல்லை. இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது.

அடுத்த செய்தி. தங்கச்சி ஜெனி, ஒன்பது வயது, போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் சிராய்ப்பு. ஆழமில்லை. ஆனால் நேற்று கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது. பிரித்ததும் மறுபடி ரத்தம். அம்மா வேறு துணி கட்டினாள். இன்று ஜெனி யாரையும் பக்கத்தில் விடவில்லை.

"தொட்டா கடிச்சிருவேன்!"

ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். பீடத்தின் முன் முட்டி போடணும். வெள்ளை கவுன் ரெடி. கால்தான் மடங்கவில்லை.

"அண்ணா, நின்னுக்கிட்டே வாங்கினா இயேசு கோச்சுக்குவாரா?"

நாளை சுகாதார நிலையம் போவதென்று முடிவு.

மே 7, புதன்.
அம்மாவுக்குக் கம்பெனியில் டே ஷிஃப்ட். சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கன்னடம் கலந்து பேசும் நர்ஸ் அக்கா உப்புநீர் ஊற்றி, ஊறவிட்டு, துணியை எடுத்தார். நான் சுவரிலிருந்த போஸ்டரை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"துணி காஞ்சா ஒட்டும் கணோ. வாழை இலை ஒட்டாது. குருத்து இலையக் கொதிக்க வெச்சு, ஆறினதும் போடு. வீட்டுத் தேன் வேணாம், இந்தத் தேன் மருந்த லேசா தடவு. சீழ் வெச்சா ஓடி வா."

ஜெனி: "இலை போட்டா சாம்பாரும் ஊத்துவாங்களா?"
சந்தேகமே இல்லை, என் தங்கச்சிதான்.

இரவு முதல் இலைக்கட்டு. டாக்டர்: நான். இலை இருந்தால் வலி இல்லை. ஒரு 'ல்'தான் வித்தியாசம்.

மே 8, வியாழன். மழை. கரண்ட் இல்லை.
லேசாகத் தடவச் சொன்ன மருந்து பாயசம் அளவுக்குப் போய்விட்டது. கட்டில் கால் வழியாக எறும்பு ஊர்வலம். அப்பா நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். "ஏன்டா டாக்டரு, புண்ணுக்குப் போட்டியா, எறும்புக்கு விருந்து வெச்சியா?"

இலை மாற்றினேன். ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. என் கைராசி.

மே 10, சனி.
புதுத் தோல். ரோஸ் கலர். தலையணை மேல் முட்டி போட்டு ஒத்திகை. தெரு முழுக்கச் சொல்லியாச்சு, வைத்தியம் நம்முடையது என்று.

மே 11, ஞாயிறு. கோயில்.
முட்டி போட்டாள். ஒரு நொடி முகம் சுருங்கியது. பிறகு திரும்பி, என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள்.

வெளியே வந்ததும் அத்தைகளிடம், "அண்ணன்தான் தெனமும் இலை மாத்துச்சு."

புதுநன்மை வாங்கிய வாயாலேயே பொய். புதன் ராத்திரி புண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றிவிட்டது. இலை மாற்றியதெல்லாம் அவளேதான். நான் டேப்பை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன்.

"முடிஞ்சிருச்சு அண்ணா, கண்ணத் தொற" என்பாள்.